அரை நூல்

பின்னால் போக இடமில்லை.
அதுதான் தொடக்கம்.
மண்டபம் வடக்குத் துறையில்
வாடைக்காற்று தூக்கி அடித்த விசைப்படகு,
நாற்பத்திரண்டு அடி.
அணியத்து எண்ணும் பின்பக்கம் பிளந்த பலகையும்
ஒரே படத்தில் வேண்டுமாம்.
நான் நிற்பது பாலத்தின் கடைசிப் பலகை.
இன்னும் ஓர் எட்டு வைத்தால்
நானும் சேதக் கணக்கில் சேர்வேன்.

என் கேமரா சட்டைப்பை அளவு.
லென்ஸைக் கழற்ற முடியாது.
சுவிட்சைத் தட்டினால் ஆமைத் தலைபோல் நீளும்,
அணைத்தால் உள்ளே போய்விடும்.
சங்கத்து எழுத்தருக்கு இது போதுமென்று
செயலாளர் வாங்கித் தந்தது.

கேணிக்கரையில்
கல்யாண வீடியோவை விட்டுவிட்ட ஜெபமணியின் இழுப்பறையில்
ஒரு வைட் லென்ஸ் கிடந்தது.
"பத்தடியை ஏழடியாக்கும், கொண்டு போ.
ஆனா எதுல மாட்டுவே?"

சீனி அசனார் கடையில்
குழாயோடு குழாய் சேர்க்கும் கப்ளிங், ஒன்றரை இஞ்ச்.
"மோட்டாருக்கா, தொட்டிக்கா?"
"கண்ணுக்கு" என்றேன்.
சிரிக்காமல் பதினெட்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

உள்ளே கரும்பலகை பெயிண்ட், வெளியே எம்-சீல்.
முதல் இரவே ஆமை தலையை நீட்டி
கண்ணாடியில் முட்டி
கர் கர் என்று அழுது அணைந்தது.
குட்டையாக அறுத்துவிட்டேன்.
மறுநாள் போனேன்.
"இன்னொரு கண்ணா?" என்றார் சீனி அசனார்.

நீளமாக விட்டால்
நாலு மூலையிலும் அமாவாசை.
சாவித்துவாரம் வழியே பார்த்த படகு.
ஜூமைக் கொஞ்சம் தள்ளினால் இருட்டு விலகும்.
ஜெபமணியின் கண்ணாடி கொடுத்த இடமும்
அதோடு சேர்ந்து விலகும்.
ஆக்சா பிளேடால் அரை நூல் அறு,
மாட்டிப் பார், கழற்று,
மறுபடி அரை நூல்.
பால்காரர் மணியடிக்கும்வரை.

படகு அடங்கியது.
தொடுவானம் மட்டும் வில்லாக வளைந்துவிட்டது.
ராமநாதபுரம் ஆபீசில் கேட்டார்கள்,
"படகு வளைஞ்சிருக்கே, புயல்லயா?"
"லென்ஸ்ல சார்."
"அதுக்கு நிவாரணம் கிடையாது."
பிறகு, இடது ஓரத்தில் விரல் வைத்து,
"இது யாரு?"

பாதி இருட்டில் குந்தியிருந்தார் நம்புராஜன்.
அந்தப் படகில் பதினோரு வருஷம் வலை இழுத்தவர்.
நான் எடுக்கும்போது பார்க்கவே இல்லை.
படகுக்கு எண் உண்டு,
இன்னாசிமுத்துவுக்குப் பாஸ்புக் உண்டு.
படிவத்தில் இவருக்குக் கட்டம் இல்லை.
"ஓரத்தை வெட்டிட்டுக் குடு."

இன்னொரு படம் எடுத்தேன், ஜூமைத் தள்ளி.
இருட்டு போனது. அவரும் போனார்.
கோப்பில் இருப்பது அந்தப் படம்தான்.

அடுத்த வாரம் கடல் உள்வாங்கியது.
படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.
வெறும் கேமராவோடு இறங்கி
பின்னால் நடந்தேன், நடந்தேன்,
யாரும் தடுக்கவில்லை.
ஐம்பதாவது எட்டில் முழுப்படகும் வந்தது,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக.
அருகில் நின்ற நம்புராஜன்
ஒரு குருணை.

திரும்பி வந்தேன்.
குழாயில் இன்னும் அரை நூல் அறுத்தேன்.
ஆமைத் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே
இப்போது ஒரு தாளின் கனம்.
சாயங்காலம், மூன்றடி தூரத்தில் அவரை நிறுத்தி எடுத்தேன்.
வாங்கிப் பார்த்தார்.
"தலை என்னப்பா சுரைக்கா மாதிரி?"
"ஓரத்துல நின்னா இழுக்கும்ணே."
"அப்ப நடுவுல நிக்கட்டா?"

இரண்டு எட்டு நகர்ந்தார்.
அணியத்து எண்ணை அவர் தோள் மறைத்தது.
அழுத்தினேன்.
வெளிச்சம் போதாமல் பிளாஷ் தானாக அடித்து,
குழாயின் நிழல் படத்தின் அடியில்
அரைவட்டமாக விழுந்திருக்கிறது.
ஒரு சொட்டுத் தண்ணீரில்லாத அந்தச் சேற்றில்
முழங்கால் அளவு கடலில்
நிற்கிறார்.